நமுத்துப்போன குலவை

"சேலைப் பச்சை வெளுத்திருக்கு தம்பி. இது அந்தப் பச்சை கிடையாது," என்றார் சுடலை.

விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது செந்தூர்பாண்டிக்குத் தொழில். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்த ஆள். முட்டி வலி வந்ததும் கேமராவை இறக்கி வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்துவிட்டார். முழுக் கேசட்டையும் ஏற்றுவதற்கு முன்னால் முதல் பத்து நிமிடத்தை மட்டும் ஏற்றி, கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவது அவருடைய வழக்கம். சரி என்றால்தான் மிச்சம். பின்னால் வந்து, எங்கள் மாமனார் முகம் கறுப்பாகத் தெரிகிறது என்று யாரும் சண்டைக்கு நிற்கக் கூடாது பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவர் சாம்பிள் என்று சொன்னார். அந்த ஆளிடம் சுடலைக்குப் பிடித்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"பழைய கேசட்டு பெரியவரே. இருபத்தேழு வருசம். கலரு கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்."

"முன்னப்பின்னன்னா? இது கிளிப்பச்சைச் சேலை. நான் எடுத்துக் குடுத்தது. நீ காட்டுறது சீக்காளிப் பச்சை. மஞ்சளு ஏறிக் கெடக்கு. அதக் கொற."

செந்தூர்பாண்டி மவுஸைப் பிடித்து எதையோ இழுத்தார். திரையில் சேலை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது.

"இன்னும். இன்னும் கொற. நில்லு. இப்ப நீலம் கூடிருச்சு. ஒரு பொட்டு பின்னால வா. ம். இதான்."

அந்தப் பச்சை சரியானதும் மற்றதெல்லாம் தானாகச் சரியானது. பந்தக்காலில் கட்டிய மாவிலை மாவிலையாகத் தெரிந்தது. பெண்கள் முகத்து மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. செந்தூர்பாண்டி திரையை ஒரு தடவையும் கிழவரை ஒரு தடவையும் பார்த்தார்.

"என்ன வேலை பாத்தீக பெரியவரே?"

"வெடி பாக்குற வேலை."

பொய்யில்லை. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாற்பத்தொரு வருஷம் சுடலைக்கு அதுதான் வேலை. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்து உருப்படியை எடுத்து, வெயில் தாழ்ந்ததும் பின்பக்கப் பொட்டலில் வைத்துக் கொளுத்துவார். பச்சை பச்சையாக இருக்கிறதா, சிவப்பு ரோஸாகப் போகிறதா, அணுகுண்டுச் சத்தம் நெஞ்சில் இடிக்கிறதா, சும்மா பலகை விழுந்த மாதிரி இருக்கிறதா, எல்லாம் அவர் சொல்வதுதான். சாம்பிள் தோற்றால் லோடு கிடையாது. அவர் தலையை ஆட்டாமல் லாரி கேட்டைத் தாண்டாது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆள் சொன்னதற்காக முதலாளி முழு லாட்டையும் திருப்பி உடைக்கச் சொன்ன நாளெல்லாம் உண்டு.

அந்த வேலையும் போய் மூன்று வருஷமாகிவிட்டது. விசில் ராக்கெட் லாட்டு ஒன்று வந்தது. பத்தையும் விட்டுப் பார்த்தார். ராக்கெட் மேலே போனது, பூ விரிந்தது, விசில் மட்டும் இல்லை. "விசில் அடிக்கல, லாட்டத் தள்ளு" என்றார். ஃபோர்மேன் மாரிக்கண்ணன், "அண்ணாச்சி, ஊருக்கே கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கலையா" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டது என்றார்கள். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குகிறது, எல்லாரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள் என்று சுடலை புரிந்துகொண்டார். களவாணிக் கூட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்தவர்தான். திரும்பிப் போகவில்லை. மாரிக்கண்ணன் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தான். கதவைத் திறக்கவில்லை.

அதிலிருந்து ஊரே அவருக்குச் சரியில்லை. சனங்கள் வாய்க்குள்ளேயே பேசின. செல்போன் டவர் வந்து சிட்டுக்குருவியெல்லாம் செத்துப்போனது. குக்கர்கூட முன்னே மாதிரி கூப்பிடுவதில்லை, மட்டமான சாமானாகச் செய்கிறான்கள் என்பது அவர் முடிவு.

"படம் பாஸு," என்றார் செந்தூர்பாண்டியிடம். "இனி சத்தத்தை வையி."

அவர் மகள் பொன்மணி சமைந்தபோது எடுத்த சடங்கு வீடியோ அது. முற்றத்தில் மணை போட்டுப் பதிமூன்று வயசுப் பொன்மணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கொட்டு முழங்குகிறது. சுடலையின் அண்ணன், "ஏலே, தள்ளி நில்லுங்கலே, படத்துக்கு மறைக்கி" என்று கத்துவது கேட்கிறது. வாசலில் அவரே கொண்டுவந்து கொடுத்த அதிர்வேட்டு ஒன்று வெடிக்கிறது. அது கேட்டதும் சுடலை தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.

பிறகு கிளிப்பச்சைச் சேலையில் சண்முகத்தாய் முன்னால் வந்தாள். அவர் பெண்டாட்டி. செத்து ஆறு வருஷம். வலது கையை உதட்டுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு நாக்கைச் சுழற்றினாள். குலவை போடுகிறாள். கொட்டு கேட்டது. அண்ணன் கத்தியது கேட்டது. குலவை கேட்கவில்லை.

"நிப்பாட்டு. அந்த இடத்தைத் திருப்பிப் போடு."

போட்டார். நாக்கு சுழன்றது. சத்தம் இல்லை.

"குலவை எங்க?"

"என்ன பெரியவரே? நல்லா வருதே."

"எங்க வருது? கொட்டு வருது. வேட்டு வருது. இவ குலவை எங்க?"

செந்தூர்பாண்டி சத்தத்தைக் கூட்டினார். கொட்டு காதை இடித்தது. வெளியே போன ஒருத்தி நின்று கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சுடலைக்குச் சண்முகத்தாயின் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

சண்முகத்தாய் குலவை லேசுப்பட்டதில்லை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆற்று மணலில் ஆயிரம் அடுப்பில் பொங்கல் பொங்கும். அவ்வளவு சத்தத்திலும் அவள் குலவை தனியாக எழும்பி நிற்கும். கூட்டத்தில் தொலைந்துபோன ஆள் அதை வைத்து வந்து சேர்ந்துகொள்ளலாம். சுடலையே அப்படி ரெண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறார். அந்தச் சத்தம் கேசட்டில் விழாமல் போகுமா? அது விழாமல் கொட்டு மட்டும் விழுமா?

அவர் இம்புட்டுத் தூரம் வந்தது குலவைக்காக மட்டும் இல்லை. கேசட்டின் கடைசியில் வீடியோக்காரன் மைக்கை ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்து, ஏதாவது பேசச் சொன்னானாம். சண்முகத்தாய் தன் புருஷனைப் பற்றி என்னவோ பேசினாளாம். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எல்லாம் "ஆம்" போட்டுச் சொல்ல வேண்டிய கதை. ஏனென்றால் சுடலை அங்கே இல்லை. தண்ணீர் ஊற்றி முடித்ததும் கம்பெனி ஜீப் வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின புரட்டாசி. லாரி நிற்கிறது, சாம்பிள் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். பெற்ற மகள் சடங்கை விட்டுவிட்டு ஏறிப் போனார்.

பிறகு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத் தெருவே உட்கார்ந்து கேசட்டைப் பார்த்த அன்றும் அவர் இல்லை. கோயில் வாண வேடிக்கைக்குப் போயிருந்தார். வந்து கேட்டபோது சண்முகத்தாய் சிரித்தாள். "அதான் கேசட்டுல இருக்குல்ல. டெக்கு எடுத்துட்டு வந்து நீங்களே பாத்துக்கிடுங்க. நான் ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன்." அடுத்த தீபாவளி முடியட்டும் என்றார். அப்புறம் அதற்கடுத்த தீபாவளி. டெக்கு என்ற சாமானே ஊரில் இல்லாமல் போயிற்று. பொன்மணியைக் கேட்டால், "உன்னையத்தான் என்னமோ சொல்லிச்சு, சிரிச்சோம். என்னன்னு ஞாபகமில்லப்பா" என்கிறாள். கேட்ட பெண்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். போன மாசக் கோடை மழையில் தளம் ஒழுகுகிறது என்று டிரங்குப் பெட்டியை நகர்த்தியபோது, மஞ்சப்பைக்குள் கேசட்டு கிடைத்தது.

முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் இந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. அதை இந்த ஆள் தின்றுவிட்டான்.

"என்ன செஞ்ச தம்பி கேசட்ட?"

"ஒண்ணும் செய்யலையே. ஈரம் ஏறி லேசாப் பூஞ்சை பிடிச்சிருந்துச்சு." செந்தூர்பாண்டி கேசட்டை எடுத்து அதன் மூடியைத் திறந்து காட்டினார். கறுப்பு நாடாவின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. "முதல் பத்து நிமிசத்துக்குத் துடைச்சு ஏத்திருக்கேன். மிச்சத்தையும் துடைக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

"சாம்பிளே ஊமையா இருக்கு. இதுல மிச்சத்த வேற குடுக்கணுமாக்கும்."

"பெரியவரே, கோவிச்சுக்கிடாதீக. இந்த ஹெட்போனக் காதுல மாட்டிக் கேளுங்க."

"காத அடைச்சுக்கிட்டு என்னத்தக் கேக்க? குதிரைக்குக் கண்பட்டை கட்டுற மாதிரி."

"அப்ப வீட்டுல இருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க. வயசானா காது கொஞ்சம்..."

சுடலை எழுந்துவிட்டார்.

"இந்தக் காத வச்சுத்தான் தம்பி அந்தக் கம்பெனி நாப்பத்தொரு வருசம் லோடு ஏத்துச்சு. கலரச் சொன்னேன், சரியா இருந்துச்சா இல்லையா? கண்ணு சொன்னது சரி, காது சொன்னது தப்பா? உன் மிசின்ல கோளாற வச்சுக்கிட்டு என் காதக் குத்தம் சொல்ற. எடு கேசட்ட."

செந்தூர்பாண்டி திறந்திருந்த மூடியைச் சாத்தினார். கேசட்டைப் பைக்குள் வைத்தார். கூடவே ஒரு பென் டிரைவையும் வைத்தார். "சாம்பிள் இதுல இருக்கு, டிவில சொருகுனா ஓடும். ஒண்ணு மட்டும் சொல்றேன், கேளுங்க. வேற எவன் டெக்குலயும் இதப் போட்டுராதீக. பிச்சு எறிஞ்சுரும்."

தொழில்காரன் எல்லாரும் சொல்வதுதானே, எனக்குத் தெரிந்தது எவனுக்கும் தெரியாது என்று. சுடலை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். அந்த ஆள் திருடனாகவும் இருக்கலாம், வேலை தெரியாதவனாகவும் இருக்கலாம். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. ஈரம் ஏறியிருக்கிறது.

ஈரம் என்றால் சுடலைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நமுத்த வெடி எப்படியிருக்கும்? தீ வரும், வெளிச்சம் வரும், சத்தம் வராது. புஸ்ஸென்று போகும். சரவெடியில் பாதி நமுத்திருந்தால், நாலு வெடிக்கும், ரெண்டு வெடிக்காது, மறுபடி நாலு வெடிக்கும். இங்கேயும் அதுதானே? படம் வருகிறது. கொட்டு வருகிறது, வேட்டு வருகிறது. நடுவில் குலவை மட்டும் புஸ். கேசட்டு நமுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதைப் பத்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லும், அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

நமுத்ததற்கு மருந்து வெயில்தான்.

வெயிலைப் பற்றிச் செந்தூர்பாண்டி ஒன்றும் சொல்லவில்லை. கேசட்டை வெயிலில் காயப்போடுகிற ஆள் ஒருவர் இருப்பார் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் காலையில் மொட்டை மாடியைப் பெருக்கி, பேப்பர் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, நடுவில் கேசட்டை வைத்தார். கத்திரி வெயில். பதினோரு மணிக்குத் தளத்தில் கால் வைக்க முடியாது. கம்பெனியில் பெண்கள் செய்வது மாதிரி மணிக்கு ஒரு தடவை மேலே ஏறிப் புரட்டிப் போட்டார். மூடியைத் திறந்து, உள்ளே காற்றுப் போகட்டும் என்று குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைத்தார்.

பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த பொன்னுத்தங்கம் பார்த்துவிட்டாள். "என்னண்ணே, வத்தலா? ஒண்ணே ஒண்ணு காயப்போட்டிருக்கீக."

"உன் சோலியப் பாரு தாயி."

"ஒத்த வத்தலுக்குக் காவல் வேற."

மூன்று நாள். முதல் நாள் கேசட்டு கல்லாகச் சுட்டது. ரெண்டாம் நாள் வெள்ளைப் புள்ளியெல்லாம் உதிர்ந்த மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் கேசட்டின் நடுவில் லேசாக உப்பியிருந்தது. ஈரம் வெளியே போகிறது என்று நினைத்துக்கொண்டார். சிவகாசியில் பழைய டெக்கு வைத்திருக்கிற ஆள் ஒருத்தன் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். திங்கட்கிழமை அவனிடம் போய், தன் கண் முன்னாலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். பேசிச் சிரிக்க வைத்தாளே, அது என்ன பேச்சு என்று இந்த வாரம் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியிலிருந்து பொன்மணி வந்தாள். வந்ததும் வீட்டைக் கூட்டினாள், பாத்திரத்தை விளக்கினாள், டிவிக்குப் பக்கத்தில் கிடந்த பென் டிரைவை எடுத்தாள்.

"இதுதானாப்பா? விருதுநகர்ல குடுத்தது?"

"அதுல ஒண்ணும் இல்ல. உன் ஆத்தா அதுல ஊமை. நான் கேசட்டக் காயப்போட்டிருக்கேன், நாளைக்கு வேற எடத்துல பாப்போம்."

பொன்மணிக்கு அதில் பாதி விளங்கவில்லை. டிவியின் முதுகில் கையை விட்டுச் சொருகினாள். சாம்பிள் ஓடியது. கொட்டு. பெரியப்பா கத்தினார். மணையில் உட்கார்ந்திருந்த தன்னைப் பார்த்து, "ஆத்தாடி, எலும்பும் தோலுமா இருந்திருக்கேன்" என்றாள். வேட்டு வெடித்தது. கிளிப்பச்சைச் சேலை வந்தது.

நாக்கு சுழன்றது. சுடலைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தியா, சொன்னேனில்லை என்று சொல்லத் திரும்பினார்.

பொன்மணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னத்தா? என்ன ஆச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் பொன்னுத்தங்கம் வந்து நின்றாள். கையெல்லாம் சோப்பு நுரை. "அண்ணே, இது சம்முகத்தா மதினி குலவைல்ல? குளாயடியில நிக்கேன், மேலெல்லாம் புல்லரிச்சுருச்சு. மதினிதான் எந்திரிச்சு வந்துருச்சோன்னு ஓடியாந்தேன்."

சுடலை அவளைப் பார்த்தார். பொன்மணியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

"கேக்குதா?" என்றார்.

"என்னப்பா கேக்குதான்ற. காது கிளியுது."

"எங்க கேக்குது? வாயி மட்டும்ல அசையுது."

பொன்மணி மறுபடி முதலிலிருந்து போட்டாள். சத்தத்தை எம்புட்டுக் கூட்ட முடியுமோ அம்புட்டும் கூட்டினாள். சுடலை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். காதை அதன் பக்கவாட்டில் வைத்தார். கொட்டு மண்டையில் இடித்தது. கிளிப்பச்சைச் சேலை வந்தபோது உள்ளங்கையை டிவியின் முதுகில் வைத்துப் பார்த்தார். கொளுத்தப் போகிற வெடியைத் தொட்டுப் பார்க்கிற கை. பிளாஸ்டிக் நடுங்கியது. சண்முகத்தாய் மூச்சு விட்டபோது நடுக்கம் நின்றது. மறுபடி நாக்கைச் சுழற்றியதும் மறுபடி நடுங்கியது. குலவை கைக்கு வந்தது. காதுக்கு வரவில்லை.

பொட்டலில் ராக்கெட் ஏறிய சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்தது. பத்து ராக்கெட். மாரிக்கண்ணன் வானத்தைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. அவன் முகத்தில் அன்றைக்கு இருந்தது களவாணித்தனம் இல்லை. அது என்னவென்று இப்போது பொன்மணி முகத்தைப் பார்க்கையில் தெரிந்தது.

"அந்த ராக்கெட்டு கத்திருக்கும்," என்றார்.

"எந்த ராக்கெட்டுப்பா?"

அவர் அதற்குள் மாடிப்படிக்குப் போய்விட்டார். எழுபத்து மூன்று வயசு ஆள் ரெண்டு படியாகத் தாண்டினார். பகல் பன்னிரண்டு மணி. பேப்பரின் நடுவில், நாலு செங்கல் காவலில் கேசட்டு கிடந்தது. தொட முடியவில்லை. துண்டைப் போட்டு எடுத்தார். அப்பளம் மாதிரி ஒரு பக்கம் மேலே வளைந்திருந்தது. உள்ளே சக்கரம் சுற்றவில்லை.

திங்கட்கிழமை சிவகாசிக்குப் போகவில்லை. பொன்மணியையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போனார். செந்தூர்பாண்டி கேசட்டை வாங்கி மேஜை விளக்குக்குக் கீழே வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"வெயில்ல வச்சீகளா?"

"நமுத்துப் போச்சுன்னு வச்சேன்."

"எத்தன நாளு?"

"மூணு நாளு. புரட்டிப் புரட்டிப் போட்டேன்."

அந்த மனுஷன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுடலைக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். திருப்புளியை எடுத்து அஞ்சு திருகாணியையும் கழற்றினார். நாடாவை விரலால் கொஞ்சம் இழுத்து விளக்கில் காட்டினார். ரெண்டு ஓரமும் பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்து சுருண்டிருந்தது.

"வேற கூட்டுக்குள்ள மாத்தி, ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம். அதுக்கு மேல தாங்காது. படம் வரும்னு நெனக்கேன். சத்தந்தான்..." என்று நிறுத்தினார். "சத்தம் நாடாவோட ஓரத்துல இருக்கும் பெரியவரே. படம் நடுவுல. ஓரம் போயிருச்சு."

"நீ சொன்ன அன்னைக்கே மிச்சத்தையும் குடுத்திருந்தா?" என்றார் சுடலை.

செந்தூர்பாண்டி திருகாணிகளை ஒரு மூடியில் போட்டார். பொன்மணி அப்பாவின் தோளைத் தொட்டாள். "விடுப்பா."

"இல்லத்தா, கேக்கணும்ல. குடுத்திருந்தா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்," என்றார் செந்தூர்பாண்டி.

ரெண்டு மணி நேரம் துடைத்தார். பஞ்சால் முழம் முழமாகத் துடைத்தார். பொன்மணி பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தாள். சுடலை குடிக்கவில்லை. பிறகு கேசட்டை மிசினுக்குள் தள்ளியதும் படம் வந்தது. ஆடிக்கொண்டே வந்தது. அடிப்பக்கம் கோடு கோடாக நெளிந்தது. ஆனால் வந்தது. அவர் அன்று சரிபார்த்த பச்சையைச் செந்தூர்பாண்டி அழிக்காமல் வைத்திருந்தார். பந்தி ஓடியது, மொய் எழுதுகிற ஆள் தலையைத் தூக்கிச் சிரித்தான், எதற்கும் சத்தம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் இருப்பதாகப் பொன்மணி சொன்னாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

கடைசியில் மைக் வந்தது. முதலில் பொன்மணியின் அத்தை. அப்புறம் யாரோ ஒரு கிழவி, மைக்கைப் பிடிக்க மாட்டேன் என்று ஓடுகிறாள். அப்புறம் சண்முகத்தாய்.

சுடலை திரையைப் பார்க்கவில்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்று நேற்று கற்றுக்கொண்டிருந்தார். பொன்மணியின் முகத்தையே பார்த்தார். அந்த முகம் முன்னால் சாய்ந்தது. புருவம் சுருங்கியது. கண் அம்மாவின் உதட்டிலேயே நின்றது. ஒன்றும் மாறவில்லை.

"உனக்கும் கேக்கலையா?"

"இல்லப்பா."

"நீ சொல்லு தம்பி. உனக்கு?"

"இல்ல பெரியவரே. இரைச்சல்தான்."

"வாயப் பாத்தாச்சும் சொல்லுத்தா."

"முதல்ல 'எங்க வீட்டுக்காரரு'ன்னு சொல்லுது. அது தெரியுது. அப்புறம் மைக்க வாயிக்கிட்டக் கொண்டுபோயிருச்சு. மறைக்கிப்பா."

அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார். சண்முகத்தாய்க்கு நாற்பது வயசுகூட இல்லை. மைக்குக்குப் பின்னால் என்னவோ சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஜீப் போன வாசல். பிறகு சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்து, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

படம் முடிந்து நீலமாக நின்றது.

"கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு," என்றார் செந்தூர்பாண்டி. "இனி எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாம். சத்தம் போன எடத்துக்கு நாதஸ்வரம் போட்டுக் குடுக்கட்டா? எல்லாரும் அப்படித்தான் கேப்பாக. வெறிச்சுன்னு இருக்காது."

"வேண்டாம்." சுடலை துண்டை உதறித் தோளில் போட்டார். "நமுத்தத நல்லதோட கலந்து கட்டுற வேலைய நான் ஒருநாளும் செஞ்சதில்ல. அப்படியே இருக்கட்டும்."

பொன்மணி பென் டிரைவை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "பெரியாஸ்பத்திரியில காதைக் காட்டுவோம்ப்பா. மிசினு தாறாங்களாம்."

"இனிமே எதக் கேக்க?"

"சாம்பிள்ல குலவை இருக்குல்லப்பா."

சுடலை வாசலுக்கு நடந்தார். இறங்கப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"தம்பி, அன்னைக்கு உன்னையக் களவாணின்னு மனசுல நெனச்சேன்."

"மனசுல மட்டும் இல்ல பெரியவரே. மூஞ்சிலயும் தெரிஞ்சுச்சு."

"ம்." கம்ப்யூட்டரைக் கை காட்டினார். "பச்சை சரியா வந்திருக்கு," என்றார்.

ஆமத்தூர் போகிற பஸ்ஸில் பொன்மணி ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தாள். கம்பெனி கேட் நெருங்கியபோது சுடலை எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, இங்கன எறங்குற?"

"நீ வீட்டுக்குப் போ. மாரிக்கண்ணன்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்."

பஸ் நின்றது. அவர் படிக்கு வருவதற்குள் கண்டக்டர் கிளம்பச் சொல்லி விசில் ஊதினான். பொன்மணி அப்பாவையே பார்த்தாள். அவருக்கு விசில் கேட்ட மாதிரி இல்லை. வண்டி நகருவதைக் காலில் உணர்ந்துதான், அவசரமாக இறங்கினார்.